ஷாஃப்ட் ஃப்ரீயா?

நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் அவள் கணவர் ஃபோர்மேன். சுழல்வது, திறப்பது, மூடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவளுடைய தம்பி அதே நிலையத்தில் சிவில் சூப்பர்வைசர். அசையாமல் நிற்க வேண்டியதெல்லாம் அவன் பொறுப்பு. தம்பிக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே ஃபோர்மேன்தான். பெரிய அதிகாரியின் அறை வாசலில் செருப்புத் தேய நடந்து வாங்கிக் கொடுத்தார்.

தம்பி அம்மாவோடு அடுத்த தெருவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த நாள் கிடையாது. மாமாவை 'கிரீஸ்' என்பான். அவர் இவனை 'சிமெண்ட்' என்பார். இரண்டு பேருக்கும் சண்டை போட வேறு விஷயமே வேண்டாம், வேலையிடத்து வார்த்தைகளே போதும்.

"மாமா, ஸ்டோர்ல பேரிங் வேணும்னு எழுதிக் கொடுத்தேன். உங்க ஆளு கோலிக்குண்டு போட்ட வளையம் ஒண்ணைக் கொண்டாந்து கையில கொடுக்கறான். பாலத்தைத் தூக்கி அது மேலயா வைக்கறது?"

"பேரிங்னா அதுதான்டா. நீ கேட்டது ரப்பர் கட்டை. ரப்பர் கட்டைன்னு எழுத வேண்டியதுதானே?"

"எங்க புஸ்தகத்துல அதுக்குப் பேரு பேரிங். அக்கா, உனக்கு ஒண்ணு தெரியுமா? எங்க கணக்குல அசையாத சுவரு டெட் லோடு. நடமாடற நீ, நான், அம்மா எல்லாம் லைவ் லோடு."

"கரண்ட்காரன்கிட்டப் போய் நான் லைவ்னு சொல்லிப் பாரு. ஷாக் அடிக்கும்னு கிட்டவே வரமாட்டான்" என்பார் ஃபோர்மேன்.

அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். "சாப்பாடுன்னா எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே பரிமாறுவாள். அவளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. ரத்தமும் சோதனைக் குழாயும் தெரியுமே தவிர, பேரிங் எதுவாக இருந்தால் அவளுக்கென்ன?

தம்பி செத்தது ஒரு பகல் வேளையில்.

அந்த நிலையத்தில் ஆற்றுத் தண்ணீரை முதலில் வாங்கிக்கொள்ளும் கிணறு ஒன்று உண்டு. ஐந்தாறு ஆள் ஆழத்துக்கு வட்டமாக இறங்கும் கான்கிரீட் கிணறு. ஆற்றுப் பக்கம் ஓர் இரும்புக் கதவு. திறந்தால் தண்ணீர் பாயும், மூடினால் கிணறு காயும். கட்டட வரைபடத்தில் அந்தக் கிணற்றுக்குப் பெயர் ஷாஃப்ட். பக்கத்து அறையில் பம்பு இருக்கிறது. மோட்டாரையும் பம்பையும் இணைத்துச் சுழல்கிற தடித்த இரும்புத் தண்டுக்கும் பெயர் ஷாஃப்ட்தான். இரண்டு பெயரும் பல வருஷமாக ஒரே வளாகத்தில் ஒன்றோடொன்று மோதாமல் இருந்து வந்தன.

கிணற்றுச் சுவரில் விரிசல் கண்டிருந்தது. பம்பின் தண்டு துருவேறி இறுகிக் கிடந்தது. இரும்புக் கதவை அடைத்துவிட்டு இரண்டு வேலையையும் ஒன்றாகவே ஆரம்பித்தார்கள். தம்பி ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினான். மத்தியானத்துக்குள் ஏறி வந்துவிடுவேன் என்று கண்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். ஆனால் விரிசல் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

கண்ட்ரோல் ரூமில் இருந்தது மின்சாரம் படித்த ஓர் இளம் இன்ஜினியர். துணை மின் நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்த பெண். கதவைத் திறந்து பம்பைச் சோதிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அவளை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாக்கி டாக்கியில் தம்பியைக் கூப்பிட்டாள். கிணற்றின் அடியில் சிக்னல் எட்டவில்லை, பதில் வரவில்லை. ஏறிப் போயிருப்பார் என்று எண்ணினாள். ஆனாலும் மனசு கேட்காமல் பம்பு அறையில் இருந்த ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஃபோர்மேன் சார், ஷாஃப்ட் ஃப்ரீயா?"

அவர் அப்போது தண்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். நாள்கணக்காக அசைய மறுத்த தண்டு, அப்போதுதான் இரண்டு விரலால் தள்ளினால் சுழல்கிற அளவுக்கு இளகியிருந்தது.

"ஃப்ரீ மேடம். சூப்பரா ஃப்ரீ!" என்றார்.

கதவு திறந்தது. ஏணிக்குப் பக்கத்தில் நின்றிருந்த கொத்தனார் எப்படியோ தொற்றி மேலே வந்துவிட்டார். தம்பி எதிர்ப்பக்கச் சுவரில் இருந்தான்.

இதெல்லாம் அக்காவுக்கு அன்றைக்குத் தெரியாது. தண்ணி வந்துடுச்சு என்று மட்டும்தான் ஃபோர்மேன் சொன்னார். அதற்கு மேல் கேட்கிற நிலையில் அவளும் இல்லை, சொல்கிற நிலையில் அவரும் இல்லை. காரியங்கள் நடந்தன. வந்தவர்கள் போனார்கள். அம்மா அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஃபோர்மேனை வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். விசாரணை முடியும்வரை எல்லாரையும்தான் நிறுத்துவார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விசாரணைக்கு இறந்தவனின் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவால் முடியாது என்று அவள் மட்டும் போனாள். நீண்ட மேஜை, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமாக ஓடும் மின்விசிறி. விசாரணை அதிகாரி நரைத்த தலையும் தாழ்ந்த குரலுமான மனிதர். வாக்கி டாக்கிப் பேச்சு கண்ட்ரோல் ரூமில் பதிவாகியிருந்தது. அதைப் போடச் சொன்னார்.

இன்ஜினியர் பெண்ணின் குரல் முதலில் வந்தது. பின்னால் கணவரின் குரல்.

"ஃப்ரீ மேடம். சூப்பரா ஃப்ரீ!"

அவளுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்க?"

"தண்டு கையால சுத்துதுன்னு சொன்னேன் சார்" என்றார் ஃபோர்மேன். தலை நிமிரவில்லை.

"நீங்க என்ன அர்த்தத்துல கேட்டீங்கம்மா?"

"கிணத்துல ஆள் இருக்காங்களான்னு கேட்டேன் சார்" என்றாள் அந்தப் பெண். "இல்லன்னு சொல்றார்னு எடுத்துக்கிட்டேன்."

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்பி போனதற்கும் கணவரின் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லை. அந்த வார்த்தையைவிட அதைச் சொன்ன குரல்தான் அவளை அறுத்தது. அத்தனை சந்தோஷம். கல்யாணமான புதிதில் கேட்டது போன்ற குரல். தம்பி தண்ணீருக்குள் போகிறபோது இந்த மனிதர் இப்படிச் சந்தோஷமாகவா இருந்தார்?

வீட்டுக்குப் பேருந்தில் வந்தார்கள். அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

"என்னடி சொன்னாங்க?" என்று அம்மா வாசலிலேயே கேட்டாள்.

"இன்னும் முடியலம்மா."

அதற்குப் பிறகு அவள் கணவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைப்பாள், அவர் சாப்பிடுவார். அம்மா இருக்கிறபோது மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை, அதுவும் சுவரைப் பார்த்து. தொழிற்சங்கத்து ஆட்கள் இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசியது சமையலறையில் அவளுக்குக் கேட்டது.

"கேள்வியே தப்புன்னு சொல்லிடுங்க ஃபோர்மேன். மெக்கானிக்கல் ஆள்கிட்ட ஷாஃப்ட்னா தண்டுதான். அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க வேலை போகாது."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்கும் யாராவது இதையேதான் திருப்பிப் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. பதில் தப்பு என்று சொல்லிவிடு. உன் வேலை போகாது.

அவள் மறுபடி ஆய்வகத்துக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் இருப்பதைவிட அது தேவலை. அப்படி ஒரு நாள், முடிவு வாங்க வந்த ஆள் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தாளைப் படித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து போனார். போனை எடுத்து, "பாசிட்டிவ்னு வந்திருக்கு! நான்தான் சொன்னேனே, ஒண்ணும் இருக்காது. அழாதே, நீ அழாதே" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது அவர்களுடைய மகனின் ரத்தம். பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மனிதர் நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டார். ஊரில் எல்லாரும் பாசிட்டிவ் என்றால் நல்லது என்றுதானே சொல்கிறார்கள்? அவள் வெளியே ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டாள். "ஐயா, போனைக் கொஞ்சம் வச்சிட்டு வாங்க" என்றாள். விஷயத்தைச் சொன்னபோது, அந்த முகம் அணைந்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். இது புதிதில்லை. வருஷத்துக்கு நாலைந்து பேராவது இப்படி வருவார்கள். ஆனால் அன்றைக்கு அவள் உள்ளே திரும்பி வந்து, கையுறையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போனில் பேசியபோது அந்த மனிதரின் குரலில் இருந்த சந்தோஷத்தை யாரால் குற்றம் சொல்ல முடியும்?

மறுநாள் காலையில் கணவரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்க."

"எந்த இடத்தை?"

"ரெண்டையும்."

வேலையில் இல்லாதவரை உள்ளே விடக் கூடாது. ஆனால் வாசல் காவலாளி அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்தார். பம்பு அறையில் எண்ணெய் வாடை. யாரும் இல்லை. ஃபோர்மேன் அவளைத் தண்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார். தொடை தடிமன் இருந்தது. அவர் அதன் மேல் கை வைக்கவில்லை.

"தொடு" என்றார்.

அவள் தொட்டாள். உள்ளங்கையால் தள்ளினாள். அவ்வளவு பெரிய இரும்பு, சத்தமே இல்லாமல் சுழன்றது.

"இதுதான் ஷாஃப்ட். இது நின்னு போச்சுன்னா பாதி ஊருக்குத் தண்ணி இல்ல. இறுகிக் கெடந்துது. கழட்டி வெளியூருக்கு அனுப்பணும்னு சொன்னாங்க. நான்தான் வேணாம், நானே பாக்கறேன்னு சொன்னேன். அன்னிக்கு அது சுத்துனதும்..." அவர் நிறுத்தினார். "சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டேன். அதே நேரத்துல அவங்க கேட்டாங்க. இதைத் தவிர உலகத்துல வேற ஒண்ணும் என் கண்ணுல இல்ல."

"அவன் கிணத்துல இருக்கான்னு தெரியுமா தெரியாதா?"

இந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நாளும் இரண்டு பேரும் பயந்தார்கள்.

"காலைல எறங்கறான்னு தெரியும். அந்த நேரத்துல அங்க இருக்கான்னு தெரியாது. கதவைத் தொறக்கப் போறாங்கன்னும் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." அவர் தண்டிலிருந்து கண்ணை எடுத்தார். "எதுக்குக் கேக்கறீங்க மேடம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

பின்பு கிணற்றடிக்குப் போனார்கள். தண்ணீரை வற்ற இறைத்து மறுபடி காயப் போட்டிருந்தார்கள். இடுப்பளவு கம்பித் தடுப்பு. எட்டிப் பார்த்தால் அடியில் இருட்டு, எதிர்ச் சுவரில் பாதி பூசிய வெளிறிய பட்டை ஒன்று. தம்பி பூசியது. அது எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்று அவள் குனிந்து பார்த்தாள்.

"இதுவும் ஷாஃப்ட்" என்றார் ஃபோர்மேன்.

"ரெண்டுக்கும் ஒரே பேரை எவன் வச்சான்?" என்று அவள் கத்தினாள். குரல் கிணற்றுக்குள் போய்த் திரும்பி வந்தது. "அது கம்பி, இது குழி. கண்ணிருக்கிறவன் எவனாவது ரெண்டுக்கும் ஒரே பேரை வைப்பானா?"

வைத்தவன் யாரென்று தெரிந்தால் இழுத்து வந்து நிறுத்திவிடுவாள் போல இருந்தது. யாரும் இல்லை. ஒவ்வொரு படிப்புக்காரனும் தன் வேலைக்குத் தோதாக ஒரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டான், பக்கத்து அறைக்காரனிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். தம்பி செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. ஃபோர்மேன் கொஞ்சம் தள்ளி நின்றார். அவள்தான் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

சத்தம் கேட்டு கண்ட்ரோல் ரூமின் மாடிப்படியில் யாரோ இறங்கி வந்தார்கள். அந்த இன்ஜினியர் பெண். விசாரணைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்காக வரச் சொல்லியிருந்தார்களாம். அருகில் வந்தவள் கண் குழிந்து, ஆளே பாதியாக இருந்தாள். 

"நீங்க எந்த ஷாஃப்ட்டைக் கேட்டீங்க?" என்று அக்காதான் முதலில் கேட்டாள். தெரிந்த பதில்தான். ஆனாலும் அந்த வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"இதை" என்று கிணற்றைக் காட்டினாள் அந்தப் பெண். "என் முன்னாடி இருக்கிற படத்துல இதுக்குத்தான் அந்தப் பேரு. எனக்கு பம்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. கரண்ட் வேலைல கேள்வி கேட்டா பதிலைத் திருப்பிச் சொல்லுவோம், அப்புறம்தான் சுவிட்சைத் தொடுவோம். அன்னிக்கு அவசரப்படுத்தினாங்க. நான் திருப்பிச் சொல்லல." ஃபோர்மேன் பக்கம் திரும்பாமலே, "சார் குரல் அவ்வளவு நிச்சயமா இருந்துது" என்றாள்.

 ஃபோர்மேன் கம்பித் தடுப்பின் மேல் முழங்கையை ஊன்றி முகத்தை மூடிக்கொண்டார்.

கடைசி விசாரணை நாளில் அதிகாரி அவளைப் பார்த்து, "குடும்பத்துத் தரப்புல ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்டதுதான். அவள் எழுந்து நின்றாள். சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், இன்ஜினியர் பெண்ணுக்காக வந்தவர்கள் ஒரு பக்கம்.

"என் வீட்டுக்காரர் பொய் சொல்லல சார். தண்டு சுத்தினது நிஜம். இந்தப் பொண்ணும் தப்பாக் கேக்கல. அவங்க படத்துல அது ஷாஃப்ட்தான்." விட்டுவிட்டுப் பேசினாள். "ஆனா ரெண்டு பேரும் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கணும். பேசல. அதை நான் மறக்கமாட்டேன். மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்லாதீங்க, அது எனக்கு இன்னும் தெரியல. அந்த இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டு சாவியை என் தம்பி பாக்கெட்டுல போட்டிருந்தா, இவங்க என்ன பேசியிருந்தாலும் அவன் ஏறி வந்திருப்பான். அதைப் பத்தி இங்க யாருமே பேசல."

 அதிகாரி பேனாவை மூடிவைத்தார்.

"மிஸஸ்..." என்று அவளைக் கணவர் பெயரால் கூப்பிட ஆரம்பித்தவர் அதை விட்டுவிட்டு, "சரிம்மா, உக்காருங்க" என்றார்.

யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பூட்டுப் போடச் சொல்லி முன்பே விதி இருந்ததும், அதை எவரும் கண்டுகொள்ளாமல் விட்டதும் வெளியே வந்தது. மேலிடத்தில் ஓர் அதிகாரியை மாற்றினார்கள். ஃபோர்மேனுக்குப் பதவியில் ஒரு படி இறக்கம். அந்தப் பெண் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, பிறகு ஃபோர்மேனே போய்ப் பேசியதும் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். என்ன பேசினார் என்று வீட்டில் அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் இயந்திரம், கட்டடம், மின்சாரம் என்று மூன்று பிரிவுக்காரர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்கு மேல் வார்த்தைகளைப் பிரித்தார்கள். சண்டை இல்லாமல் இல்லை. எங்கள் சொல்லை நாங்கள் ஏன் விட வேண்டும் என்று ஒவ்வொருவரும் நின்றார்கள். கடைசியில் குழி கிணறு ஆயிற்று, கம்பி தண்டு ஆயிற்று. ஷாஃப்ட் என்ற சொல்லை வாக்கி டாக்கியில் யாரும் சொல்லக் கூடாது என்று முடிவானது. கதவைத் திறக்குமுன், ஆள் இருக்கா என்றுதான் கேட்க வேண்டும், பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. நானே சொல்கிறேன் என்றார் ஃபோர்மேன். வேண்டாம் என்று அவளே சொன்னாள். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆதியோடந்தமாகச் சொன்னாள். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், "அப்போ மாப்பிள்ளை சொல்லித்தான் தொறந்தாங்களா?" என்றாள்.

"அப்படி இல்லம்மா..."

"நீ சொன்னது புரிஞ்சுது. எனக்கு வார்த்தையெல்லாம் வேணாம். அவர் சொல்லித்தான் தொறந்தாங்களா?"

"ஆமாம்மா."

அம்மா துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை, சபிக்கவில்லை. வாசலில் நின்ற ஃபோர்மேன் பையை வாங்கக் கை நீட்டினார். அம்மா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

வாரம் ஒருமுறை போன் பேசுவாள். உனக்கு உடம்பு எப்படி இருக்கு, வேலைக்குப் போறியா, கால் வலிக்குதா என்று எல்லாம் மகளுக்கான கேள்விகள். அவரைப் பற்றி ஒரு சொல் வராது. இவளும் வலிய எடுக்கமாட்டாள். பேசுகிற நேரத்தில் ஃபோர்மேன் எழுந்து வெளியே போய்விடுவார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அம்மா கூப்பிட்டாள். வழக்கமான பேச்சுதான். வைக்கப்போகிற நேரத்தில், "அங்க ஊரெல்லாம் காய்ச்சல்னு சொல்றாங்களே. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

"இல்லம்மா" என்றாள் அவள். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஃபோர்மேன் படியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா கேட்டதைச் சொன்னாள். அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார்.

"எப்படிக் கேட்டாங்க? அதே மாதிரி சொல்லு" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை மாறாமல் மறுபடி சொன்னாள்.